நில்லா ரயிலும் நிற்கும் மனிதரும்

வேகம் நல்லதுதானா என்று கேட்டால் இக்காலத்தார் நம்மைச் சற்று விசித்திரமாகவே பார்ப்பர். விரைந்து செல்லும் வண்டி நல்ல வண்டி, மெல்லச் செல்வது மட்டமான வண்டி, இதில் விசாரிப்பதற்கு என்ன இருக்கிறது என்பர். ஆயினும், ஊரார் எல்லோரும் ஐயமின்றி ஒப்புக்கொண்ட கருத்துகளையே முதலில் தட்டிப் பார்க்க வேண்டும் என்பது பகுத்தறிவின் பாலபாடம். ஆகையால், நம் நாட்டு ரயில்கள் அடைந்துள்ள முன்னேற்றத்தைப் பலரும் புகழ்ந்து பேசும் இவ்வேளையில், அன்பர்கள் முன் ஒரு கேள்வியை வைக்கத் துணிகிறோம். ஒருவன் விரைந்து செல்லும் பொருட்டு இன்னொருவன் வழியில் விடப்படுவானாயின், விரைந்து சென்றவன் விடப்பட்டவனுக்குக் கடமைப்பட்டவனா? இல்லையா?

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பழமை என்பதற்காகவே ஒன்றைப் போற்றும் கூட்டத்தை நாம் சேர்ந்தவரல்லர். மாட்டுவண்டிக் காலத்தைப் பொற்காலம் என்று பாடுவோர் அவ்வண்டியில் பிரசவ வேதனையோடு வைத்தியசாலைக்குச் சென்ற பெண்களைக் கேட்டறிந்ததில்லை. மலாயாவின் முதல் ரயில் 1885ஆம் ஆண்டு ஜூன் மாதம் தைப்பிங்கிலிருந்து, இன்று கோலா செபெத்தாங் என வழங்கும் போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு எட்டு மைல் தூரம் ஓடியது. அது ஈயத்தைத் துறைமுகம் சேர்ப்பதற்காகப் போடப்பட்ட பாதை. மனிதர் ஏறிச் சென்றது அதனால் விளைந்த மற்றொரு நன்மை. 1909இல் ஜொகூர்ப் பாதை முடிந்தது. 1923இல் சிங்கப்பூர்ப் பாலத்தின் மீது ரயில் ஓடியது. 1931இல் கிம்மாஸ் முதல் தும்பாட் வரை கிழக்குப் பாதை முற்றுப்பெற்றது. காடாகக் கிடந்த ஒரு நாடு அரை நூற்றாண்டுக்குள் இரும்புப் பாதைகளால் இணைக்கப்பட்டது.

அவ்வாறே இக்காலத்து மாறுதலும் பெரிது. 2010இல் கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் இடையே மின்சார விரைவு ரயில் தொடங்கிற்று. 2015இல் அது வடக்கே பாடாங் பெசார் வரை சென்றது. 2025ஆம் ஆண்டின் இறுதியில் தெற்கே ஜொகூர் பாருவை எட்டியது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை ஓடவல்ல அவ்வண்டியில் கோலாலம்பூரிலிருந்து ஏறியவர் ஏறத்தாழ நாலரை மணி நேரத்தில் ஜொகூர் பாருவில் இறங்கலாம். புகைவண்டி என்ற சொல்லில் மட்டும் புகை மிஞ்சியிருக்கிறது. வண்டியில் அது இல்லை. இவற்றையெல்லாம் நாம் மனமார வரவேற்கிறோம். நம் கேள்வி இவ்வேகம் எங்கிருந்து கிடைத்தது என்பதே.

ரயில் இரண்டு வழிகளால் விரைவு பெறுகிறது. பாதையை இரட்டையாக்குதல், வளைவுகளை நேராக்குதல், சாலைக் கடப்புகளை மேம்பாலமாக்குதல், மின்சாரம் பாய்ச்சுதல் ஆகியவை ஒரு வழி. இவற்றால் ஒருவருக்கும் நஷ்டமில்லை; செலவு உண்டு, அவ்வளவே. நிறுத்தங்களைக் குறைப்பது மற்றொரு வழி. ஒரு நிலையத்தில் வண்டி நிற்க வேண்டுமாயின் தூரத்திலேயே வேகத்தைத் தணிக்க வேண்டும். நின்று ஆள் ஏற்றி இறக்க வேண்டும். மீண்டும் மெல்ல மெல்ல வேகம் கூட்ட வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மூன்று நான்கு நிமிஷங்கள் செலவாகின்றன. பத்து நிலையங்களை விட்டுவிட்டால் அரை மணி நேரம் மிச்சம். அந்த அரை மணி நேரம் பத்து ஊர்களிலிருந்து எடுக்கப்பட்டது. எடுத்துக்கொண்டவர் பெருநகரத்துப் பிரயாணி. கொடுத்தவர் சிற்றூர் மனிதர். கொடுக்கச் சம்மதமா என்று அவரை எவரும் கேட்கவில்லை. முதல் வழி பொறியியலைச் சேர்ந்தது. இரண்டாம் வழியோ நியாய விசாரணைக்கு உரியது.

"அச்சிறு நிலையங்களில் ஏறுவார் யார் இருக்கிறார்கள்? இன்று எல்லோரிடமும் கார் இருக்கிறதே" என்று சிலர் கேட்பர். 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுவதும் திறக்கப்பட்டது முதல் நம் மக்களின் பிரயாணப் பழக்கமே மாறிவிட்டது உண்மைதான். முன்பு கலியாணத்துக்கும் கருமாதிக்கும் மூட்டை முடிச்சுகளோடு ரயிலேறிய குடும்பங்கள் இன்று நள்ளிரவில் புறப்பட்டு விடியுமுன் வாசலில் காரை நிறுத்துகின்றன. தீபாவளிக்கு முந்திய இரவில் அந்நெடுஞ்சாலையில் ஊர்ந்து நிற்கும் வரிசையைக் கண்டோர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் "எல்லோரும்" என்ற சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். இச்சொல்லை வழங்குவோர் பெரும்பாலும் தம்மைப் போன்றோரையே எண்ணிக்கொண்டு பேசுகின்றனர்.

தோட்டத்து அலுவலகத்தில் அமர்ந்து பெரட்டுக் கணக்கு எழுதும் நம்போன்ற கிராணிமார்க்கு அந்த எல்லோருக்குள் அடங்காதவர்களை நன்கு தெரியும். அவர் வரவில்லை என்று குறிக்கும் கட்டத்தில் காரணம் எழுத இடமில்லை. பட்டணத்து ஆஸ்பத்திரியில் காலை எட்டு மணிக்குச் சீட்டு; இரண்டு பஸ் மாறிப் போனால்தான் அங்கே சேரலாம்; திரும்பி வரும் பஸ் மாலைவரை இல்லை. அரை மணி நேர வைத்தியத்துக்கு ஒரு நாள் கூலி போயிற்று. பிள்ளைகள் கிள்ளானுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போய்விட, தனியே தங்கிவிட்ட முதியவர்கள் இருக்கிறார்கள். கார் ஓட்டக் கற்றிராத பெண்கள் இருக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் ஒன்றையே நம்பி லாரிகளுக்கு நடுவே மழையில் செல்லும் இளைஞர்கள் இருக்கிறார்கள். தமிழர் தொகை குறைந்துவிட்ட தோட்டங்களில் இன்று உழைக்கும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் இருக்கிறார்கள். இவர்களுள் ஒருவரும் ரயில்வே கணக்கில் பிரயாணியாக இடம்பெறமாட்டார். வண்டி நிற்காத நிலையத்தில் டிக்கெட் விற்பனையாவதில்லை. டிக்கெட் விற்பனையாகாத நிலையத்தில் வண்டி நிற்பதில்லை. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிக்கொள்கின்றன. நாம் இதை நேர்மையான கணக்கென்று ஒப்புக்கொள்ளோம்.

இவ்வழக்கு நமக்குப் புதிதே தவிர உலகத்துக்குப் புதிதன்று. 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இருவேறு குரல்கள் எழுந்தன. ஏரிகளும் மலைகளும் சூழ்ந்த விண்டர்மியர் பகுதிக்கு ரயில் போடத் திட்டமிட்டபோது, அப்பகுதியில் வாழ்ந்த பெருங்கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் அதை எதிர்த்துக் கவிதை எழுதினார். பத்திரிகைக்குக் கடிதங்களும் எழுதினார். ஆலைத் தொழிலாளரைக் கூட்டங்கூட்டமாக அங்கே கொண்டு வந்து இறக்குவதால் இயற்கையின் அமைதி கெடும். அவ்வழகை நுகரும் பயிற்சி இல்லாத அவர்களுக்கும் அதனால் பயன் விளையாது என்பது அவர் வாதம். ஏழை மக்களின் வாழ்வை அன்போடு பாடிய கவிஞர், அவர்கள் தம் வீட்டருகே வந்து இறங்கக்கூடும் என்றவுடன் தயங்கினார். அவருடைய கவிதையை நாம் பள்ளியில் படித்து இன்புற்றோம். இவ்வாதத்தை ஏற்க இயலவில்லை.

அதே ஆண்டில் வர்த்தக இலாகாத் தலைவராய் இருந்த கிளாட்ஸ்டன் முயற்சியால் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றிற்று. அதன்படி, புதிய ரயில் பாதைகளில் கம்பெனிகள் நாள்தோறும் இரு திசையிலும் ஒரு வண்டியையேனும் எல்லா நிலையங்களிலும் நின்று செல்லுமாறு ஓட்ட வேண்டும். மூன்றாம் வகுப்புக்கு மைலுக்கு ஒரு பென்னிக்கு மேல் வாங்கலாகாது. சராசரி வேகம் மணிக்குப் பன்னிரண்டு மைலுக்குக் குறையலாகாது. ஆசனமும் வெயில் மழையிலிருந்து காப்பும் இருத்தல் வேண்டும். அதற்கு முன் ஏழைப் பிரயாணிகள் கூரையற்ற வண்டிகளில் சரக்கைப் போல் ஏற்றப்பட்டனர் என்பதை நினைத்தால் இச்சட்டத்தின் பெருமை விளங்கும். சில கம்பெனிகள் அவ்வொரு வண்டியை விடியற்காலையிலோ அகாலத்திலோ ஓட்டிச் சட்டத்தின் எழுத்தை நிறைவேற்றிக் கருத்தை ஏமாற்றின என்பதும் உண்மை. எனினும் ஒரு கொள்கை நிலைநாட்டப்பட்டது. பொது நிலத்தைக் கிழித்துச் செல்லும் பாதை, அந்நிலத்தில் வாழும் எளியவனையும் ஏற்றிச் செல்லக் கடமைப்பட்டது என்பதே அக்கொள்கை. விரைவு வண்டிகளை அச்சட்டம் தடுக்கவில்லை. விரைவோடு கூட ஒரு கடனையும் சேர்த்துக் கட்டியது.

இங்கே எதிர்வாதத்தின் நியாயத்தையும் கேட்க வேண்டும். மூன்று பேரை ஏற்றிக்கொண்டு ஒரு முழு ரயில் ஓடுவது தர்மமாகுமா? அப்பணத்தைக் கொண்டு பள்ளிக்கூடம் கட்டலாமே? இவ்வாதத்தை 1963இல் அதே இங்கிலாந்தில் டாக்டர் பீச்சிங் என்பார் ஓர் அறிக்கையாக எழுதினார். 2,363 நிலையங்களையும் ஏறத்தாழ 5,000 மைல் பாதையையும் மூடலாம் என்றார். கிளைப் பாதைகளில் ஆளில்லை என்பதற்கு அவரிடம் கணக்கு இருந்தது. அது பொய்க் கணக்கும் அன்று. அவருடைய ஆலோசனைகளுள் மிகப் பல நிறைவேறின. ஆனால் எதிர்பார்த்தது நிறைவேறவில்லை. கிளை மூடப்பட்டபின், மக்கள் பஸ்ஸிலோ காரிலோ பெருநிலையம் வரை வந்து அங்கிருந்து ரயிலேறுவர் என்று கருதினர். காரில் ஏறியவர் பெருநிலையத்தில் இறங்காமல் போக வேண்டிய ஊருக்கே போய்விட்டார். கார் இல்லாதவர்க்குக் கொடுக்கப்பட்ட பஸ்களும் பல இடங்களில் நெடுநாள் ஓடவில்லை. கால்வாய்களை அடைத்துவிட்டு ஆற்றில் நீர் குறைந்ததேன் என்று வியந்த கதையாயிற்று. 1969இல் மூடப்பட்ட ஸ்காட்லாந்தின் எல்லைப்புறப் பாதையில் ஒரு பகுதியை 2015இல் பெரும் பொருட்செலவில் மீண்டும் போட்டுத் திறந்தனர். அதற்குள் இரண்டு தலைமுறைகள் கழிந்துவிட்டன.

நம் நாட்டில் மூடுவோர் பேச்சைக் காட்டிலும் பாய்ச்சல் பேச்சே மிகுதி. கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்குத் தொண்ணூறு நிமிஷத்தில் செல்லும் அதிவேக ரயிலுக்கு 2016இல் இரு அரசாங்கங்களும் ஒப்பந்தம் செய்தன. 2020ஆம் ஆண்டின் கடைசி நாளோடு அது முறிந்தது. அதைக் குறித்து எழுதப்பட்ட பத்திகள் அனந்தம். கிளந்தான் உட்புறத்தில் குவா மூசாங், டாபோங் முதலிய ஊர்களின் வழியாக இன்றும் மெல்ல நின்று நின்று செல்லும் கிழக்குப் பாதை வண்டியைப் பற்றி எழுதியவர் சிலரே. சாலை வருவதற்கு வெகுகாலம் முன்பே அப்பகுதியின் சிற்றூர்களுக்கு அவ்வண்டிதான் சந்தையும் பள்ளியும் தபாலும் கொண்டு வந்தது. அதன் இலாப நஷ்டக் கணக்கை மட்டும் பார்த்தால் அது என்றோ நின்றிருக்க வேண்டும். நில்லாமல் ஓடுவது, கணக்குப் புத்தகத்தில் ஏறாத நன்மைகளையும் யாரோ சிலர் மதித்ததனால்தான்.

ரயிலினால் விளைந்த மற்றொரு நன்மையும் கணக்கில் ஏறாதது. அதுவே நம்போன்ற சீர்திருத்த நோக்குடையோர் கருத வேண்டியது. இந்தியாவில் முதல் பிரயாணி ரயில் பம்பாயிலிருந்து தாணாவுக்கு ஓடிய 1853ஆம் ஆண்டிலேயே, கார்ல் மார்க்ஸ் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் எழுதுகையில், ரயிலின் பின்னே வரும் தொழில் வளர்ச்சி ஜாதிக்கு அடிப்படையான பரம்பரைத் தொழிற்பிரிவைக் கரைத்துவிடும் என்று எதிர்பார்த்தார். அவர் எதிர்பார்த்த வேகத்தில் அது கரையவில்லை. தொட்டால் தீட்டு என்றவர்களும் கூட்ட வண்டியில் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்தனர். இறங்கியதும் நிலையத்துச் சிற்றுண்டிச்சாலையில் பிராமணர்க்குத் தனியிடம் தேடினர். தென்னாட்டு ரயில் நிலையங்களில் இருந்த அவ்வேற்றுமை பெரியார் ஈ.வெ.ரா. முதலியோரின் கிளர்ச்சிக்குப் பின் 1941இல்தான் ஒழிந்தது. ரயில் ஒரே பலகையில் எல்லோரையும் உட்காரவைத்தது. ஒரே பந்தியில் உட்காரவைக்க மனிதரின் போராட்டமே தேவைப்பட்டது. ஆயினும் பலகையில் உட்கார்ந்து பழகியவர்க்குப் பந்தியின் அநீதி விரைவில் உறைத்தது என்பதை மறுப்பார் யார்?

இன்று அப்பலகையிலிருந்து வசதி படைத்தோர் எழுந்துபோய்விட்டனர். கண்ணாடி ஏற்றிய காரில் குளிர்காற்றோடும் தமக்குப் பிடித்த பாட்டோடும் செல்கின்றனர். அதை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. குழந்தைகளோடும் முதியோரோடும் செல்வார்க்குக் கார் பெரிய சகாயம். ஆனால் அதன் விளைவை எண்ண வேண்டும். செல்வரும் ஏழையரும் ஒருங்கே பயன்படுத்தும் ஒரு பொதுக் காரியம் பழுதுபட்டால் செல்வர் குரல் எழுப்புவர், அது சீர்படும். ஏழையர் மட்டும் பயன்படுத்துவது பழுதுபட்டால் அந்தக் குரல் யார் காதிலும் விழாது. ஏழைக்கென்றே ஒதுக்கப்பட்டது நாளடைவில் ஏழ்மையானதாகவே ஆகிவிடும். இப்பொழுது விரைவு ரயிலுக்கு மீண்டும் படித்தவரும் உத்தியோகஸ்தரும் வரத் தொடங்கியிருக்கின்றனர், நல்லது. அவர்கள் வந்தது ரயிலின் எல்லாப் பிள்ளைகளுக்கும் நன்மையாகுமா, ஒரு செல்லப் பிள்ளைக்கு மட்டுமா என்பதே இனி நாம் காண வேண்டியது.

வேகம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் இரும்புப் பாதை எவ்வளவு கொடியதாகும் என்பதை நம்மவரைக் காட்டிலும் அறிந்தவர் இல்லை. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை போட்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் பல்லாயிரவர் அங்கே காலராவுக்கும் பட்டினிக்கும் அடிக்கும் இரையாயினர். நம் கிழக்குப் பாதையின் ஒரு பகுதித் தண்டவாளங்களும் பெயர்த்து அங்கே கொண்டுபோகப்பட்டன. 1943இல் வேலையை முடுக்கிய காவலர் ஓயாது கூவிய சொல் "ஸ்பீடோ" என்பது; விரைவு, விரைவு என்பது அதன் பொருள். போர்க்கைதிகளாய் மாண்ட வெள்ளையர்க்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. தோட்டத்துத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர்க்கு அதுவும் இல்லை. அக்கொடுமையையும் இக்காலத்துக் கால அட்டவணையையும் ஒன்றென்று சொல்லும் அறியாமை நமக்கில்லை. பாதை யாருக்காக என்று கேளாமல் எவ்வளவு விரைவாக என்று மட்டும் கேட்கும் பழக்கம் தன் கடைசி எல்லையில் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டுகிறோம், வேறொன்றுமில்லை.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? ஒவ்வொரு சிறு நிலையத்திலும் ஒவ்வொரு விரைவு வண்டியும் நிற்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அவ்வாறு நின்றால் அது விரைவு வண்டியாகாது. சிற்றூராரும் அதை விரும்பார். நாம் கேட்பவை மூன்று. ஒவ்வொரு பாதையிலும் காலையும் மாலையும் ஒரு வண்டியேனும், வேலைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஏற்ற நேரத்தில், எல்லா நிலையங்களிலும் நின்று செல்லட்டும். நிலையத்தை மூடியே தீர வேண்டிய ஊரில், மூடுவதற்கு முன்பே விரைவு ரயிலின் நேரத்தோடு இணைந்த பஸ் ஓடட்டும். ரயில் தாமதமானால் அந்தப் பஸ் காத்திருக்கட்டும். டிக்கெட் விற்பனை பெரும்பாலும் கைத்தொலைபேசிக்குள் சென்றுவிட்ட இந்நாளில், அக்கருவியைக் கையாளத் தெரியாத முதியவருக்கு முகம் பார்த்து டிக்கெட் கொடுக்க ஒரு மனிதர் இருக்கட்டும்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்றால், விரைவினால் இலாபம் அடைந்தவரிடத்தில் என்று தயங்காமல் சொல்வோம். நிற்காமல் சென்றதனால் அரை மணி நேரம் மிச்சப்பட்டவர் தம் டிக்கெட்டில் சில காசுகள் கூடுதலாகக் கொடுப்பது தானம் ஆகாது. பெற்றதற்குச் செலுத்தும் விலையே ஆகும். நெடுஞ்சாலைக்கும் மேம்பாலத்துக்கும் பொதுப்பணம் கொட்டும்போது அதை முதலீடு என்கிறோம். சிற்றூர் ரயிலுக்குக் கொடுத்தால் மட்டும் நஷ்டம் என்கிறோம். ஒரே பணத்துக்கு இரண்டு பெயர் வைக்கும் இந்த வழக்கத்தை விட்டொழித்தாலே பாதி வழி கடந்தவர்களாவோம்.

இக்கட்டுரையை வாசிக்கும் அன்பர்களில் பலர் விரைவு ரயிலில் செல்வோராகவே இருப்பர், நாமும் செல்கிறோம். சன்னலோரம் அமர்ந்திருக்கையில், வண்டி நில்லாமல் கடந்து செல்லும் நிலையத்தின் பெயர்ப்பலகையை வாசிக்க முயன்று பாருங்கள். வண்டியின் வேகத்தில் எழுத்துகள் கண்ணுக்குப் பிடிபடா. அவ்வூரின் பெயரைக் கால அட்டவணையில் தேடிப் பாருங்கள். அதற்கு வண்டி உண்டா, எத்தனை மணிக்கு என்று விசாரியுங்கள். இல்லையெனில் உங்கள் தொகுதி மன்ற உறுப்பினரிடம், ஏன் இல்லை என்று கேளுங்கள். அவ்வூரார் கேட்டால் அது குறை கூறுதலாகவே கொள்ளப்படும். விரைந்து செல்லும் நாம் கேட்டால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.